பொய்ப் புள்ளியை எங்கே வைப்பது?

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்க வந்தபோது, "சார், பாடம் மாதிரி இல்லாம ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார்கள். எனக்குப் பாடம் தவிர வேறொன்றும் எழுத வராது. ஆகவே பாடமே எழுதுகிறேன். ஆனால் இது சிலபஸில் இல்லாத பாடம். சர்வே கேம்ப்பில் நான் செய்த ஒரு தப்பிலிருந்து நானே படித்துக்கொண்டது.

ஜியோகேஷிங் என்றொரு விளையாட்டு உண்டு. ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியுடன் போய்த் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். (கேஷ் என்றதும் ரொக்கம் என்று நினைத்து ஆவலோடு வந்த மாணவர் நம் துறையிலேயே உண்டு. இந்த கேஷ் வேறு, ஒளித்து வைத்த பொருள் என்று அர்த்தம்.)

இந்த விளையாட்டு பிறந்த நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியும். 2000-ம் ஆண்டு மே மாதம் 2-ம் தேதி வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அன்று அந்தப் பிழையை நிறுத்தினார்கள். மறுநாளே, அதாவது மே 3-ம் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், வீடியோ, கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் போட்டுப் புதைத்து வைத்து, வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800 என்று இணையத்தில் அறிவித்தார். இன்றைக்கும் அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

அது நேரடி வகை. எண்ணைப் பார், போ, எடு. நான் எழுத வந்தது புதிர் வகையைப் பற்றி. இதில் டப்பா இருக்கும் உண்மையான இடத்தை ஒரு புதிருக்குள் மறைத்து வைப்பார்கள். புதிரை விடுவித்தால்தான் சரியான எண்கள் கிடைக்கும். ஆனால் வரைபடத்தில் குறி போட ஏதாவது ஒரு புள்ளி வேண்டுமே? அதற்காகப் பொய்யாக ஒரு புள்ளியை வெளியிடுவார்கள். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். "டப்பா இங்கே இல்லை" என்று விவரத்திலும் எழுதிவிடுவார்கள்.

பொய்ப் புள்ளிதானே, எங்கே வைத்தால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் கணக்கு. விளையாட்டின் பொதுவான விதிப்படி பொய்ப் புள்ளிக்கும் உண்மையான இடத்துக்கும் இடையே 2 மைல், அதாவது சுமார் 3.2 கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியூர்க்காரர் ஒருவர் வரைபடத்தில் தன் பக்கத்தில் இருக்கும் குறியைப் பார்த்துத்தான் புதிரில் கை வைக்கிறார். விடை கண்டபின் அது அடுத்த மாவட்டத்தில் இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? இன்னொரு விதி, ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது. டப்பா இல்லாத பொய்ப் புள்ளியை இந்த விதி கட்டுப்படுத்தாது.

எண்கள் டிகிரியிலும், நிமிடத்தில் மூன்று தசம இடம் வரையிலும் தரப்படுகின்றன. நாங்கள் கேம்ப் போட்டது ஜவ்வாது மலை அடிவாரத்தில், அட்சரேகை சுமார் 12½ டிகிரி. அங்கே வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது சுமார் 1,844 மீட்டர். கிழக்கு மேற்காக ஒரு நிமிடம் சுமார் 1,812 மீட்டர். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும் அல்லவா? அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். அல்மர் வாளி புதைத்த ஆரிகனில் அதே ஒரு நிமிடம் சுமார் 1,307 மீட்டர்தான்.

ஆக மூன்றாவது தசமத்தில் ஒன்று மாறினால், நம் பக்கத்தில் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே இடம் நகர்கிறது. 3.2 கி.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் இப்படிப்பட்ட தனித்தனிப் புள்ளிகள் எத்தனை என்று ஒரு மாணவர் கேட்டார். வட்டத்தின் பரப்பு சுமார் 3 கோடியே 22 லட்சம் சதுர மீட்டர். ஒரு புள்ளிக்கு 3.34 சதுர மீட்டர் என்று வகுத்தால் 96 லட்சம் வருகிறது. கேட்பதற்கு மலைப்பாக இருக்கும், ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். வட்டத்துக்குள் இருக்கும் வீடு, வயல், ஏரித் தண்ணீர் எல்லாவற்றையும் கழித்துவிட்டால், டப்பா ஒளிக்கத் தோதான இடம் விரல் விட்டு எண்ணும்படிதான் மிஞ்சும். கெட்டிக்காரப் பையன் புதிரைத் தொடாமலே அவற்றைச் சுற்றிப் பார்த்து எடுத்துவிடுவான். பொய்ப் புள்ளியைக் காட்டுப் பாதை தொடங்கும் ஒரே இடத்தில் வைத்தால், டப்பா அந்தப் பாதையில்தான் இருக்கிறது என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். சரியாக ஒரு நிமிடம் வடக்கே, அரை நிமிடம் கிழக்கே என்று முழு எண்ணாகத் தள்ளி வைப்பதும் அப்படித்தான். எவனும் முதலில் அதைத்தான் முயன்று பார்ப்பான். மிக அருகில் வைத்தாலோ, பொய்ப் புள்ளியைச் சுற்றிப் புதரைக் கிளறுகிறவன் கையிலேயே டப்பா அகப்பட்டுவிடும்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். 2023 பிப்ரவரியில் நடந்த கேம்ப்பில் இதையெல்லாம் யோசித்துத்தான் புதிர் போட்டேன். ஐந்து பக்க மூடிய டிராவர்ஸ் ஒன்று. உட்கோணங்களின் கூட்டுத்தொகை 540 டிகிரி. நாலு கோணத்தைக் கொடுத்து ஐந்தாவதைக் கண்டுபிடிக்கச் சொல்லி, அதிலிருந்து நிமிடத்தின் தசமங்கள் வரும்படி செய்திருந்தேன். டிபன் டப்பா ஏரி மதகுக்குப் பின்னால் கல் இடுக்கில் இருந்தது. பொய்ப் புள்ளியிலிருந்து மதகு, வடக்கே 0.350 நிமிடம், கிழக்கே 0.305 நிமிடம். வடக்கே சுமார் 645 மீட்டர், கிழக்கே சுமார் 553 மீட்டர், நேர்கோட்டில் 850 மீட்டர். இதில் கொசைனை மறந்துவிட்டு இரண்டு பக்கத்துக்கும் 1,844-ஆல் பெருக்கினாலும் நம் ஊரில் 10 மீட்டர்தான் தப்பும். ஆரிகனில் அதே தப்பைச் செய்தால் 164 மீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டியதுதான்.

பொய்ப் புள்ளியை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் விஷயம். நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட அறையில், ராத்திரி பத்து மணிக்கு மேல், கொசுவத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, போனில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தேன். மதகிலிருந்து தோதான தூரத்தில் பழுப்பாக ஒரு திட்டு. வெறும் கட்டாந்தரை என்று முடிவு செய்து, எண்ணைக் குறித்துக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்க்க அரை மணி நேரம் போதும். போகவில்லை. "அங்கே யாரும் போகப் போவதில்லையே" என்ற நினைப்பு.

ஆறு பேட்ச். நாலு பேட்ச் நேராக அங்கேதான் போனார்கள்.

அவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். தாளின் முதல் வரியில் கொட்டை எழுத்தில் எண்கள். "மேற்கண்ட புள்ளியில் டப்பா இல்லை" என்பது கடைசி வரி, அதுவும் பொடி எழுத்தில். உலகம் முழுக்க இந்த விளையாட்டில் நடப்பதும் இதுவேதான். போனில் குறியைப் பார்த்தவுடன் வண்டியைக் கிளப்புகிறவர்களே அதிகம், விவரத்தைப் படிக்கிறவர்கள் குறைவு. நம் பையன்கள் போனோடு மட்டும் போகவில்லை. டோட்டல் ஸ்டேஷன், முக்காலி, ரேஞ்சிங் ராட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு பேட்ச், புள்ளியைக் கண்டதும் முளைக்குச்சி அடித்து, தலையில் சிவப்பு பெயின்ட்டும் பூசிவிட்டார்கள். முதல் ஸ்டேஷனைப் பிடித்தவுடன் பெக் அடி என்று மூன்று நாளாக நான்தானே கத்திக்கொண்டிருந்தேன்!

படத்தில் நான் பார்த்த பழுப்புத் திட்டு கட்டாந்தரை இல்லை. சாணி மெழுகிய வாசல். அதன் ஓரத்தில் தெரிந்த இன்னொரு பழுப்பு, கூரை வீடு. கூரையும் தரையும் ஒரே நிறம். அதில் ஒரு ஆயா தனியாக இருக்கிறார்.

"எதுக்குப்பா முளை அடிக்கிறீங்க?" என்று ஆயா கேட்டிருக்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் விழித்த பையன்களில் ஒருவன், விளையாட்டாக, "ரோடு வருது ஆயா" என்று சொல்லிவிட்டான். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

அது எந்த மாவட்டம் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 2018-ல் சென்னை - சேலம் எட்டு வழிச் சாலைக்காக வயலுக்கு வயல் அளவைக் கல் நட்ட திருவண்ணாமலை மாவட்டம். கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பெண்கள் அழுததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முறைப்படி புதிதாக அறிவிப்புக் கொடுத்து எடுக்கலாம் என்றது. இந்த ஊர் அந்தச் சாலையின் பாதையில் இல்லைதான். இருந்தாலென்ன? 1802-ல் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்த காலத்திலிருந்தே, முக்காலியோடு வருகிறவனைக் கண்டால் நம் ஜனங்களுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, நாங்கள் இட்லிக்கு வரிசையில் நிற்கும்போது, ஒருவர் வந்தார். ஆயாவின் மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ராத்திரி பஸ் பிடித்து வந்திருக்கிறார். கூட ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். சண்டை போடவில்லை, சத்தமும் போடவில்லை. சிவப்பு பெயின்ட் பூசிய அந்த முளைக்குச்சியை என் மேசை மேல் வைத்துவிட்டு, "சார், எங்கம்மா ராத்திரி பூரா தூங்கலை. எத்தனை அடி போகுதுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

எனக்கு வாய் எழவில்லை. பதினாறு வருஷமாக சர்வே நடத்துகிறேன். அளவு கேட்டவர்களுக்கெல்லாம் அளவு சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு அவருடன் போனேன். இது கல்லூரிப் பயிற்சி, சாலை எதுவும் வரவில்லை, இவன் சொன்னது பொய், டப்பாகூட இங்கே இல்லை, இந்த இடத்தைச் சும்மா எழுதினோம் என்றெல்லாம் ஆயாவிடம் விளக்கினேன். பையன் ஆயாவின் காலில் விழுந்தான். ஆயா அவனைத் தூக்கி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "சும்மா எழுதறதுக்கு என் வாசல்தான் கெடச்சுதா சாரு?" என்றார். பிறகு, "இப்ப படிக்கிற புள்ளைங்கன்றீங்க. படிச்சு முடிச்சுட்டு வந்து கல்லு நடப் போறதும் இதே புள்ளைங்கதானே?" என்றும் கேட்டார். இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விகள்.

எழுதித் தரச் சொன்னார். கல்லூரித் தாளில், "இங்கே அடிக்கப்பட்ட முளை மாணவர் பயிற்சிக்காக மட்டுமே. அரசின் எந்த அளவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுத்தேன். ஆயா அந்தத் தாளை மகனைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டு, தகரப் பெட்டியைத் திறந்து பட்டாவோடு சேர்த்து வைத்துக்கொண்டார். மகனுக்கு இரண்டு நாள் சம்பளம் போச்சு. நான் கொடுக்கப் போனேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

கேம்ப் முடிந்து வந்தபின், இப்படி வேறெங்கும் நடந்திருக்கிறதா என்று தேடினேன். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் நடந்தது 2016-ல் வெளியே வந்திருக்கிறது. இணைய முகவரியை வைத்து ஒருவர் எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்று கண்டுபிடித்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று. ஊர் தெரியாமல், நாடு மட்டும் தெரிந்த முகவரிகளுக்கு ஏதாவது ஒரு புள்ளியைக் காட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் நடு மையம் சுமார் 39° 50' வடக்கு, 98° 35' மேற்கு. எண் அழகாக இல்லை என்று, 38 வடக்கு, 97 மேற்கு என்று முழு எண்ணாக வைத்துவிட்டார்கள். 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரே புள்ளியில் போய் விழுந்தன. அந்தப் புள்ளி இருந்ததோ பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டின் முன்வாசலில்! திருட்டுப் போன போனைத் தேடி, மோசடிக்காரனைத் தேடி, காணாமல் போனவரைத் தேடி என்று பல வருஷமாகப் போலீசாரும், மத்தியப் புலனாய்வினரும், ஆம்புலன்சும், கோபம் கொண்ட தனி ஆட்களும் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அங்கே இருந்தவர்களுக்குக் காரணமே தெரியாது. விஷயம் வெளியானபின் அந்த நிறுவனம் புள்ளியை விச்சிட்டா நகருக்கு மேற்கே ஒரு ஏரியின் நடுவில் நகர்த்தி வைத்தது. குடியிருந்தவர்கள் வழக்கும் போட்டார்கள்.

ஏரி நடுவில் வைப்பது நல்ல யோசனைதானே என்று தோன்றும். கணினிக்குச் சரி. புதிருக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீருக்குள் குறி இருந்தால் தண்ணீரில் இறங்கிப் பார்க்கும் பையன் ஒருவன் எல்லா வகுப்பிலும் இருக்கிறான். தண்டவாளம், கிணற்றடி, குவாரி எல்லாம் இதே கணக்குத்தான். பள்ளிக்கூடச் சுவர், பெண்கள் விடுதி, சுடுகாடு, கோயில் உட்பிராகாரம், இங்கெல்லாம் கையில் போனை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்து நிற்கிற ஆளை ஊர் என்னவென்று நினைக்கும்? டப்பா ஒளிக்கும் இடத்துக்கு நாம் காட்டும் அக்கறையில் முக்கால்வாசியாவது பொய்ப் புள்ளிக்கும் காட்ட வேண்டும். சொல்லப்போனால், புதிரை விடுவிக்கிறவன் டப்பாவுக்குப் போகிறான். விடுவிக்காதவன் எல்லாம் பொய்ப் புள்ளிக்குத்தான் போகிறான். இரண்டாவது வகைதான் எண்ணிக்கையில் அதிகம்.

அதனால் இப்போது நான் செய்வது இது. வரைபடத்தில் நாலைந்து புள்ளிகளைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நடந்தே போகிறேன். காலையில் ஒரு தடவை, விளக்கு வைத்தபின் ஒரு தடவை. பகலில் வெறிச்சென்று இருந்த ஒரு மேடை, சாயங்காலம் பீடி சுற்றும் பெண்கள் உட்காரும் இடமாக இருந்தது. அதை விட்டுவிட்டேன். அங்கே பத்து நிமிஷம் நின்று பார்ப்பேன். யாராவது வந்து "என்ன சார் வேணும்?" என்று கேட்டால், அந்த இடம் தகாது என்று அடித்துவிடுவேன். முன்பின் தெரியாத ஆள் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்காத இடம்தான் வேண்டும். பஸ் நிறுத்தம், பொதுப்பணித் துறையின் பாலக் கைப்பிடிச் சுவர், சந்தைத் திடல் இப்படி. "டப்பா இங்கே இல்லை" என்பது இப்போது தாளின் முதல் வரி. எண்கள் இரண்டாவது வரி. பெக் அடிக்கக் கூடாது என்பது மூன்றாவது.

இந்த ஆண்டு கேம்ப்பில் பொய்ப் புள்ளி ஒரு டீக்கடை வாசல். கடைக்காரரிடம் முதல் நாளே, "அண்ணே, பசங்க கொஞ்சம் பேர் வந்து முழிச்சுக்கிட்டு நிப்பாங்க" என்று சொல்லி வைத்தேன். "வரட்டும் சார், நிக்கிறவன் டீ குடிக்காமலா போவான்" என்றார். ஆறு பேட்ச்சில் இரண்டு அங்கே போனது. ஒரு பேட்ச் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே டிராவர்ஸைப் போட்டு முடித்து, டப்பாவையும் முதலில் எடுத்தது.

இன்னொரு பேட்ச் டீக்கடைக்கும் வரவில்லை, டப்பாவுக்கும் வரவில்லை. போன் அடித்துக் கேட்டால் கடலைக் கொல்லையில் நிற்கிறோம் என்கிறார்கள். நிமிடத்தின் தசமம் .412 என்றிருந்ததை 41.2 செகண்ட் என்று படித்துவிட்டார்கள். சரியாக மாற்றினால் 24.72 செகண்ட். வித்தியாசம் சுமார் 16½ செகண்ட், அதாவது 506 மீட்டர் வடக்கே தள்ளிப் போய்விட்டார்கள். கொல்லைக்காரர் நல்ல மனுஷன், தாளை வாங்கிப் படித்துவிட்டு வழி சொல்லி அனுப்பினாராம்.

ஆக, தப்பாகப் படித்தால் எங்கே போய் நிற்பார்கள் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தசமத்தைச் செகண்டாகப் படிப்பது ஒன்று, நிமிடத்தை டிகிரியின் தசமமாகப் படிப்பது ஒன்று. ஒவ்வொரு தப்புக்கும் ஒவ்வொரு இடம். அடுத்த ஆண்டுக்கு நான் நினைத்து வைத்திருக்கும் புள்ளியில் செகண்ட் தப்பைச் செய்தால் வருகிற இடத்துக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு இருப்பதாக அதே டீக்கடைக்காரர் சொன்னார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் தாளை அச்சுக்குக் கொடுப்பேன்.